இறையியலும் சமயவியலும்: முதுநிலைப் பட்டக் கல்வி பிரிந்த வரலாறும் நீலமலைச் சான்றும்

நீலமலையின் வடவிளிம்பில், உதகமண்டலத்திற்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், கிளென்மார்கன் என்னும் தேயிலைத் தோட்டச் சிற்றூர் உள்ளது. பைக்காரா ஆற்றில் தேக்கப்பெறும் நீர் இங்குள்ள சிறு நீர்த்தேக்கத்திற்கு வந்து சேர்ந்து, இவ்விடத்தினின்று இரும்புக் குழாய்களின் வழியே ஏறத்தாழ 3000 அடி கீழிறங்கிச் சிங்காரா மின்னிலையத்தை இயக்குகின்றது. அம்மின்னிலையம் 1932 இல் தொடங்கப்பெற்றது. தென்னாட்டின் தொழில் வளர்ச்சி வரலாற்றை எழுதுவோர் பைக்காராவை மறவாது குறிப்பர். சமய வரலாற்றை எழுதுவோரோ அதனைக் குறிப்பதில்லை.

குறித்திருக்க வேண்டும் என்பதே நம் கருத்து. தோடர்களுக்கு அவ்வாறு தெய்வத் தன்மையுடையது. 1906 இல் வெளிவந்த 'தோடர்கள்' என்னும் பெருநூலில் ரிவர்ஸ் அதனைத் தெளிவுற எழுதியுள்ளார். நீலமலையின் இரு பேராறுகளுக்கும் தெய்வங்கள் உண்டு. ஆறு எது, தெய்வம் எது எனப் பிரித்துக் காண்டல் எளிதன்று. ஆற்றைக் கடக்கும் தோடர் தம் போர்வையினின்று வலக்கையை வெளியே எடுத்துப் பணிவு தோன்றக் கடப்பர். குழாயில் அடைபடுவதற்குச் சற்றேறக்குறைய முப்பது ஆண்டுகட்கு முன் அந்நீர் பெற்றிருந்த வழிபாடு இது.

இனி, இம்மலைப் பகுதியில் பிறந்து வளர்ந்த ஒரு மாணவர் பட்டப் படிப்பை முடித்துவிட்டு, இவ்வழிபாட்டினையே பொருளாகக் கொண்டு முதுநிலைப் பட்டம் பெற விழைகின்றார் எனக் கொள்வோம். அவர் எக்கதவைத் தட்டுதல் வேண்டும்? இறையியல் கல்லூரிக்குச் செல்வாராயின், அங்குள்ள முதுநிலைப் பிரிவுகளுட் பெரும்பாலன திருமறை நூல்களையும் திருச்சபை வரலாற்றையும் சார்ந்தன. பல்கலைக்கழகத்து மெய்யியல் துறைக்குச் செல்வாராயின், அங்கு நூலுடைய தரிசனங்களே பொருள். மானிடவியல் துறை அவரை ஏற்கும். ஆயின், அங்கே தெய்வம் என்பது ஒரு குடியின் வழக்கங்களுள் ஒன்றாக மட்டுமே எண்ணப்பெறும். ஒரே பொருளுக்கு மூன்று கதவுகள் ஏற்பட்டமையும், அம்மூன்றும் ஒன்றுக்கொன்று வழியில்லாமற் போனமையும் எவ்வாறு நேர்ந்தன என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் சொற்களைத் தெளிந்து கொள்ளுதல் நலம். இறையியல் என்பது இறைவனைப் பற்றிய அறிவை ஒரு நம்பிக்கையின் உள்ளே நின்று முறைப்படுத்துவது. சமயவியல் என்பது சமயம் எனும் நிகழ்ச்சியை, தன் நம்பிக்கையை அளவுகோலாக்காது, வரலாற்றாலும் ஒப்பீட்டாலும் ஆராய்வது. முன்னதற்கு நம் நாட்டுக் கிறித்தவர்கள் நெடுங்காலம் 'வேதசாத்திரம்' என்றும் 'தேவசாத்திரம்' என்றும் பெயர் வழங்கினர். தனித்தமிழ் உணர்ச்சி பெருகிய பின்னரே 'இறையியல்' நிலைபெற்றது. இச்சொல் மாற்றத்தைச் சிறு செய்தி என்று ஒதுக்குவதற்கில்லை. 'வேதசாத்திரம்' என்னும்போது ஆராய்ச்சிப் பொருள் ஒரு வேதம், அதாவது ஒரு நூல். 'இறையியல்' என்னும்போது பொருள் இறை. நூலில்லாத சமயத்திற்கு முன்னதில் இடமே இல்லை; பின்னதில், சொல்லளவிலேனும், இடமுண்டு.

கதவுகள் பிரிந்த காலத்தை ஏறத்தாழ ஆண்டு குறித்தே காட்டலாம். 1854 ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சார்லஸ் ஊட் அனுப்பிய கல்வி அறிக்கை இந்தியாவிற் பல்கலைக்கழகங்கள் அமைய வழிவகுத்தது. அவ்வறிக்கையே, பட்டத் தேர்வுகளிற் சமய நம்பிக்கையைச் சார்ந்த பாடங்கள் இடம்பெறா என்றும் வரையறுத்தது. அதற்கு மாதிரியாக நின்றது இலண்டன் பல்கலைக்கழகம். ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் இங்கிலாந்துத் திருச்சபையின் பிடியில் இருந்தமையால், அப்பிடிக்கு வெளியே நிற்போர்க்கெனத் தோன்றியது இலண்டன். ஆதலின் அது தொடக்கத்தில் இறையியற் பட்டத்தை விலக்கி வைத்தது. இங்கிலாந்தில் அவ்விலக்கு ஒரு சபையின் தனியாட்சிக்கு எதிரான உரிமைக் குரல். அதுவே கடல் கடந்து இங்கு வந்தபோது வேறு பொருள் கொண்டது. பல சமயத்தாரை ஆளும் அயலவர் அரசு, எவர் மனமும் புண்படாதிருக்கக் கைக்கொண்ட எச்சரிக்கை ஆயிற்று. 1857 இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் எழுந்தபோது கலை, சட்டம், மருத்துவம், பொறியியல் ஆகியன இடம்பெற்றன; இறையியல் இடம்பெறவில்லை. இலண்டன் பல்கலைக்கழகம் 1900 இல் மறுசீரமைக்கப்பெற்றபோது இறையியற் புலத்தைத் தன்னுட் கொண்டது. சென்னையோ மாதிரியின் பழைய வடிவையே காத்து நின்றது. படி எடுத்தோர், மூலம் திருத்தப்பெற்ற செய்தியைக் கேளாதவர் போல இருந்துவிட்டனர்.

இவ்விலக்கினால் விளைந்த பயன் யாது? தமிழகத்திற் சமய அறிவு குன்றிவிடவில்லை. தருமபுரத்திலும் திருவாவடுதுறையிலும் மெய்கண்ட சாத்திரங்கள் ஆசிரிய மாணாக்கர் வழியிற் பயிலப்பெற்றே வந்தன. வைணவ உரை மரபும் அவ்வாறே. ஆயின், அக்கல்விக்குப் பட்டம் இல்லை; பட்டம் உள்ள கல்வியில் அப்பொருள் இல்லை. கற்றவர் என்னும் சொல் இருவேறு கூட்டத்தாரைக் குறிக்கலாயிற்று. மடத்திற் கற்றவரும் கல்லூரியிற் கற்றவரும் ஒருவரையொருவர் ஐயத்தோடு நோக்கிய நிலையைச் சென்ற நூற்றாண்டின் தமிழ் வரலாற்றைக் கற்போர் நன்கறிவர்.

கிறித்தவர்கள் நிலை வேறு. அவர்களுக்குப் பட்டம் தரும் உரிமை ஒன்று எதிர்பாரா இடத்திலிருந்து கிடைத்தது. அவ்வரலாறு தமிழகக் கடற்கரையோடு தொடர்புடையது. ஆதலின், சற்று விரித்துரைப்போம்.

1706 இல் டென்மார்க்கு மன்னரின் ஆதரவில் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க், புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டவர் என்ற அளவில் எல்லோரும் அறிந்தவர். அவர் 1713 இல் எழுதி முடித்த 'தென்னிந்தியத் தெய்வங்களின் மரபு வரிசை' என்னும் பொருளுடைய செருமானிய நூல் அத்துணைப் பரவலாக அறியப்பெறவில்லை. தமிழ் மக்களுடன் உரையாடியும் கடிதம் எழுதி வினவியும் அவர் தொகுத்தது அது. சிவன், திருமால் முதலியோரொடு ஊர்த் தெய்வங்களையும் ஒருங்கு வைத்து ஆராய்ந்த நூல். அதனை ஆலே நகரத்தார் அச்சிடவில்லை. புறச்சமயத்தை வேரறுக்க அனுப்பப்பெற்றவர் அதனை ஐரோப்பாவிற் பரப்புவதா என்பது அங்கிருந்த தலைவர் பிராங்கே அவர்களின் எண்ணம். ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கையெழுத்துப் படியாகவே கிடந்து, 1867 இல் கெர்மன் என்பாரால் சென்னையில் அந்நூல் பதிப்பிக்கப்பெற்றது. 1711 இல் அவர் எழுதிய மற்றொரு நூல் 1926 வரை காத்திருந்தது. இறையியலார் ஒருவர் சமயவியலாராக மாறிய அந்நொடியிலேயே அவர்தம் சபை அவரை ஐயுற்றது என்பதை மனங்கொள்ள வேண்டும். பிரிவு 1857 இல் அரசால் மட்டும் நேர்ந்ததன்று. அதற்கு முன்னரே சபையின் உள்ளத்தில் அதன் வித்து இருந்தது.

அதே டென்மார்க்கு அரசுக்கு வங்கத்தில் சீராம்பூர் என்னும் குடியேற்றமும் இருந்தது. கேரி, மார்சுமன், வார்டு ஆகிய மூவரும் 1818 இல் அங்கு ஒரு கல்லூரி நிறுவினர். 1827 இல் டென்மார்க்கு மன்னர் ஆறாம் பிரெடரிக் அக்கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் உரிமையோடு கூடிய பட்டயம் அளித்தார். 1845 இல் தரங்கம்பாடியும் சீராம்பூரும் ஒரே உடன்படிக்கையில் ஆங்கிலேயர்க்கு விற்கப்பெற்றன. நிலம் கைமாறியது, பட்டய உரிமை கைமாறாது காக்கப்பெற்றது. ஆயினும் அவ்வுரிமை நெடுங்காலம் பயன்படாமற் கிடந்தது. 1915 இல்தான் முதல் இறையியற் பட்டங்கள் அங்கு வழங்கப்பெற்றன. 1918 இல் வங்கச் சட்டமன்றம் இயற்றிய சீராம்பூர்க் கல்லூரிச் சட்டம், பல சபைகளின் கல்லூரிகளும் இணைதற்கேற்ற பேரவை ஒன்றை அமைத்தது. சென்னைப் பல்கலைக்கழகம் விலக்கிய பாடத்தை, ஆங்கில அரசின் நடுநிலைக் கொள்கைக்கு முற்பட்ட ஒரு டென்மார்க்கு மன்னரின் கையெழுத்துக் காப்பாற்றியது. வரலாற்றில் இத்தகைய விந்தைகள் பல உள.

இப்பேரவையோடு இணைந்த கல்லூரிகளே தமிழ் மாணவர்க்கு இறையியல் முதுநிலைக்கு வழியாயின. பெங்களூரில் 1910 இல் பல சபையார் கூடி நிறுவிய ஐக்கிய இறையியல் கல்லூரி தென்னாட்டில் முதன்மையானது. சென்னைக் கீழ்ப்பாக்கத்துக் குருகுல லுத்தரன் இறையியல் கல்லூரியும் குறிக்கத்தக்கது. படிமுறை இதுவே: முதலில் இறையியல் இளநிலை, அதன் பின் நுழைவுத் தேர்வு, பின்னர் ஈராண்டு முதுநிலை, அதில் ஆய்வேடு. பழைய ஏற்பாட்டைப் பொருளாகக் கொள்வோர்க்கு எபிரேயமும், புதிய ஏற்பாட்டைக் கொள்வோர்க்குக் கிரேக்கமும் இன்றியமையாதன. பிரிவுகளுள் 'சமயங்கள்' என்பதும் ஒன்று. நம் கிளென்மார்கன் மாணவர் நுழையக் கூடிய சிறு வாயில் அதுவே. கத்தோலிக்கர் நெறி தனி. அவர்களின் உயர் பட்டங்கள் உரோமையின் அதிகாரத்தால் வருவன. 1893 இல் கண்டியில் தொடங்கி 1955 இல் பூனாவுக்குப் பெயர்ந்த திருத்தந்தைக் குருமடம் அவ்வகைக்குச் சான்று. அதனை ஈண்டு விரித்தல் மிகையாம்.

தமிழ்த்துறையினராகிய நமக்கு இவ்வரலாற்றில் மிகவும் வேண்டிய கூறு மொழியே. எம்மொழியில் இறைவனைப் பற்றி எண்ணினாற் பட்டம் கிடைக்கும்? இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் விடை ஐயமின்றி ஆங்கிலமே. தமிழிற் பயில்வது உபதேசியார்க்கும் சிற்றூர்க் குருமார்க்கும் உரியது. ஆங்கிலத்திற் பயில்வது பட்டத்திற்குரியது என்னும் இருபடி நிலை வழங்கிற்று. நாசரேத்தை அடுத்த திருமறையூரில் இருந்த இறையியல் கல்லூரி தமிழிற் கற்பித்தது. 1930களில் அதன் தலைவராக இருந்த ஸ்டீபன் நீல், கேம்பிரிட்ஜில் பயின்ற பெரும் புலமையாளர். ஆயினும் தமிழிலேயே பாடம் நடத்தினார். பின்னாளில் அவர் திருநெல்வேலிப் பேராயர் ஆனார். பேராசிரியர் தமிழிற் கற்பிக்கலாம். மாணவர் தமிழில் எழுதிப் பட்டம் பெறலாகாது என்பது அக்காலத்து முரண்.

1969 இல் திருமறையூர்க் கல்லூரியும் தரங்கம்பாடி லுத்தரன் இறையியல் கல்லூரியும் இணைந்து மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி தோன்றியது. சீகன்பால்க் தொடங்கிவைத்த தரங்கம்பாடி மரபு இவ்வாறு மதுரைக்கு வந்து சேர்ந்தது. தமிழையே பயிற்று மொழியாகக் கொண்டு இறையியல் இளநிலைப் பட்டம் வரை கற்பித்தமை இக்கல்லூரியின் பெருஞ்செயல். மாணவர் ஒரு பகுதிக் காலத்தை வளாகத்திற்கு வெளியே எளிய மக்களிடையே குடியிருந்து கழிக்க வேண்டும் என்பதும் அங்கு வகுக்கப்பெற்றது. அவ்வாறு வெளியே சென்றவர்கள் திரும்பி வரும்போது, நூலில் இல்லாத சமயத்தைக் கண்டு வந்தனர். அங்கு ஆசிரியராக விளங்கிய தியோபிலஸ் அப்பாவு, கருநாடக இசையிலும் மேலை இசையிலும் அமைந்த வழிபாட்டை விடுத்து, நாட்டுப்புற இசையிலேயே ஒடுக்கப்பட்ட மக்களின் இறையியல் வாழ்கின்றது எனக் கொண்டு, பாடல்களும் வழிபாட்டு முறையும் வகுத்தார். அவர் பணியை ஆராய்ந்து சோ ஷெரினியன் என்னும் அமெரிக்க அறிஞர் 2014 இல் ஒரு நூல் வெளியிட்டார். ஈழத்திலும் ஒத்த முயற்சி உண்டு. கண்டியை அடுத்த பிலிமத்தலாவையில் 1963 இல் தோன்றிய இலங்கை இறையியல் கல்லூரி சிங்களத்தையும் தமிழையும் பயிற்று மொழிகளாகக் கொண்டது. எனினும், முதுநிலை என்னும் படியில் ஏறியவுடன் ஆங்கிலமே பெரிதும் ஆட்சி செய்யக் காண்கின்றோம். இளநிலை மாணவர் தமிழில் எண்ணலாம்; முதுநிலை மாணவர் தம் எண்ணத்தை மொழிபெயர்த்துக் கொள்ளவேண்டும். இதற்குக் கூறப்பெறும் காரணம், துணைநூல்கள் ஆங்கிலத்தில் உள்ளன என்பது. காரணமும் விளைவும் இங்கு இடம் மாறி நிற்கின்றன. முதுநிலை ஆய்வேடுகள் தமிழில் எழுதப்பெற்றால் அன்றோ துணைநூல்கள் தமிழில் உண்டாகும்?

அரசு சார்ந்த பல்கலைக்கழகங்கள் பக்கம் மீண்டும் திரும்புவோம். 1915 இன் சட்டத்தால் எழுந்த காசி இந்துப் பல்கலைக்கழகமும், 1920 இன் சட்டத்தால் எழுந்த அலிகர் முசுலிம் பல்கலைக்கழகமும் இறையியற் புலங்களை உடையனவாய்த் தோன்றின. அவை தத்தம் சமயத்தை உள்ளிருந்து கற்பித்தன. நாடு விடுதலை பெற்றபின், அரசமைப்புச் சட்டத்தின் 28 ஆம் பிரிவு, முற்றிலும் அரசுப் பொருளால் நடைபெறும் கல்வி நிலையங்களிற் சமயப் போதனை கூடாது என்றது. ஆயின், போதனை வேறு, ஆராய்ச்சி வேறு. 1948-49 இல் இராதாகிருட்டிணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு இவ்வேறுபாட்டை உணர்ந்து, சமயப் பெரியோர் வாழ்க்கை, உலக மறைநூற் பகுதிகள், சமய மெய்யியற் சிக்கல்கள் ஆகியவற்றைப் பட்ட வகுப்பு மாணவர்க்குப் படிமுறையிற் கற்பிக்கப் பரிந்துரைத்தது. பரிந்துரை ஏட்டளவில் நின்றது. 1967 இல் பாட்டியாலாவின் பஞ்சாபிப் பல்கலைக்கழகம் சமயவியலுக்கெனத் தனித்துறை நிறுவியமை முன்னோடி முயற்சி. சென்னையில், டி. எம். பி. மகாதேவன் அவர்கள் காலத்து மெய்யியல் துறை அத்துவைத ஆராய்ச்சியால் உலகப் புகழ் பெற்றது. சிவஞான சித்தியாரையும் அதன் அறுவர் உரைகளையும் ஆராய்ந்த தேவசேனாபதி அவர்களின் நூல் 1960 இல் வெளிவந்தது. மடத்து உரை மரபு பல்கலைக்கழக ஆராய்ச்சிக்குள் வந்து அமர்ந்த நல்ல தருணம் அது. பின்னர்ச் சைவ சித்தாந்தம், வைணவம், கிறித்தவம், சமணம், இசுலாம் ஆகியவற்றிற்கும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தனித்துறைகளோ மையங்களோ ஏற்பட்டன.

இப்பட்டியலைக் கூர்ந்து நோக்குக. இடம்பெற்ற சமயம் ஒவ்வொன்றும் நூலுடையது, உரையாசிரியர் உடையது, அறக்கட்டளை நிறுவும் செல்வர் உடையது. மாடனும் இசக்கியும் காத்தவராயனும் இதிற் சேரவில்லை. அவர்கள் நாட்டுப்புறவியலின் பொறுப்பாயினர். தோடரின் தெய்வங்கள் மானிடவியலாரிடம் ஒப்படைக்கப்பெற்றனர். நூலுடைமையே சமயத்திற்கு இலக்கணம் என எவரும் விதி எழுதவில்லை. ஆயினும் துறைகளின் அமைப்பு அவ்விதியைப் பின்பற்றிற்று.

இவ்விதி எத்துணைக் குறையுடையது என்பதற்கு நீலமலையினும் சிறந்த சான்று தமிழகத்தில் வேறு இல்லை. 1603 இல் கள்ளிக்கோட்டையினின்று மலையேறிய இயேசு சபைத் துறவி பெனிசியோ, தோடரின் எருமைப் பூசாரியோடு உரையாடி எழுதிய போர்ச்சுக்கீசியக் குறிப்பே முதற் சான்று. அதனை ரிவர்ஸ் தம் நூலின் பின்னிணைப்பில் ஆங்கிலமாக்கித் தந்துள்ளார். பெனிசியோ மலையாள நாட்டுச் சமயம் பற்றி எழுதிய பெருநூல் 1933 இல் உப்சாலாவின் சார்பென்டியரால் பதிப்பிக்கப்பெற்றது. சீகன்பால்க் நூலுக்கு நேர்ந்த நெடுங்காத்திருப்பே இதற்கும் நேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கேத்தியைத் தங்குமிடமாகக் கொண்ட பாசல் மறைப்பணியாளர் மெட்சு, படகரிடையும் தோடரிடையும் பல்லாண்டு திரிந்து, மலைவாழ் குடிகளின் வழக்கங்களையும் சமயச் சடங்குகளையும் பற்றி நூல் எழுதினார்.

தமிழறிஞர் ஜி. யு. போப்பும் இவ்வரிசையில் உள்ளார் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. சாயர்புரத்தில் 1840களிற் குருமடம் நடத்தித் தமிழ் இளைஞர்க்கு இலத்தீனும் கிரேக்கமும் புகட்டிய அவர், 1859 இல் உதகையில் பள்ளி தொடங்கிப் பத்தாண்டுக்கு மேல் அங்கிருந்தார். அவர் பெற்ற இறையியற் பேரறிஞர் பட்டம் தேர்வெழுதிப் பெற்றதன்று. காண்டர்பரிப் பேராயர் தம் அதிகாரத்தால் வழங்கியது. இந்தியப் பல்கலைக்கழகங்கள் தர மறுத்த பட்டத்தைப் பெற அவ்வழியும் அக்காலத்தில் இருந்தது. மெட்சு திரட்டித் தந்த தோட மொழிச் சொற்களையும் தொடர்களையும் கொண்டு போப் ஒரு சிறு தோட இலக்கணம் வகுத்தார். 1873 இல் மார்சல் எழுதிய தோடர் பற்றிய நூலின் இறுதியில் அது வெளிவந்தது. திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலமாக்கிய கை அது. திருவாசகத்தில் அவர் கண்ட இறையியல் ஆழத்தைத் தோடரின் வேண்டுதலில் தேடிப் பார்க்க அவர்க்கு வாய்ப்பில்லை. அவர் கைக்கு வந்தவை சொற்பட்டியலே அன்றி வழிபாட்டு மொழி அன்று. இஃது ஒரு பேரிழப்பென்றே யான் கருதுகின்றேன்.

அவ்வழிபாட்டு மொழியை முதன்முதல் விரிவாகப் பதிந்தவர் மருத்துவரும் உளவியலாருமான ரிவர்ஸ். 1901-02 இற் சில திங்களே மலையில் தங்கியவர். தோடர்க்குக் கோயில் என்பது பால்மனை. பூசாரி என்பவர் பாற்கடன் ஆற்றுபவர். பால்மனைகளுட் படிநிலைகள் உண்டு. மிக உயர்ந்ததாகிய 'தீ' என்னும் திருவிடத்துப் பூசாரி பாலோள். அவர் மனைவியைப் பிரிந்து வாழ வேண்டும். பிறர் அவரைத் தீண்டலாகாது. பணியேற்கும் சடங்கில் குறித்த மரத்தின் தளிரும் பட்டையும் கொண்டு உடலைத் தூய்மை செய்து, இலைக் கிண்ணத்தில் நீர் மொண்டு பன்முறை பருக வேண்டும். தோடர் இருபெரும் பிரிவினர்: தார்த்தரோள், தெய்வளியோள். தீயும் அதன் எருமைகளும் முதற் பிரிவினர்க்கு உரியன. பாலோளாகத் தகுதியுடையவரோ இரண்டாம் பிரிவினரே. உடைமை ஒருவர்பால், தூய்மை மற்றொருவர்பால். குருத்துவம் பற்றிய பாடத்தில் லேவியர் மரபை மூன்று வாரம் கற்கும் முதுநிலை மாணவர்க்கு, தம் மலையிலேயே உள்ள இவ்வமைப்பு ஒப்பீட்டுக்கு எத்துணைப் பயன்படும்!

வேண்டுதலின் அமைப்பு இதனினும் வியப்புடையது. ரிவர்ஸ் பதிந்த வேண்டுதல்களின் முற்பகுதி முழுதும் பெயர்களே. எருமைகள், மந்துகள், பால்மனைகள், கலங்கள், மலைகள் ஆகியவற்றிற்கு அன்றாடப் பெயர் ஒன்றிருக்க, வழிபாட்டிற்குரிய திருப்பெயர் ஒன்று தனியே உண்டு. அதனைக் 'குவர்சம்' என்பர். ஒவ்வொரு திருப்பெயரின் பின்னும் 'அதன் பொருட்டு' எனப் பொருள்படும் 'இதித்' என்னும் சொல் வரும். இவ்வளவும் பிறர் செவிக்குப் புலனாகாதவாறு தொண்டைக்குள்ளேயே ஓதப்பெறும். பின்னரே, நோய் நீங்குக, எருமை நலம் பெறுக என்பன போன்ற வேண்டுகோள்கள். தோடர் சமயத்திற் சடங்கு மிகுந்து கருத்து மங்கிவிட்டது என்னும் போக்கில் ரிவர்ஸ் முடிவு கூறினார். அம்முடிவை ஏற்பதற்குத் தயக்கம் உண்டாகின்றது. யார்பொருட்டு அருள் வேண்டப்படுகின்றது என்பதை இடம், உயிர், கலம் என ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி நிறுத்துவது கருத்தின் வறுமை ஆகாது. திருப்பெயர் ஓதுதலின் இறையியலைத் தேவார நாமாவளியிலும் எபிரேயத் திருப்பாடலிலும் ஆராயும் நாம், தொண்டைக்குள் ஒலிக்கும் பெயர்வரிசையைச் சடங்கு என்று மட்டும் தள்ளுவது முறையோ? எமனோ 1935 முதல் 1938 வரை திரட்டிய தோடர் பாடல்கள் 1971 இல் ஆயிரம் பக்க அளவிலான நூலாய் வெளிவந்தன. அப்பாடல்களில் தொடர்கள் இணையிணையாய் அமையும் கட்டுக்கோப்பைக் காண்போர், எழுத்தில்லாமை சிந்தனையில்லாமை அன்று என்று தெளிவர். எமனோ 1984 இல் தோட இலக்கணத்தையும் உரைப்பகுதிகளையும் வெளியிட்டார். போப் தொடங்கிய பணி ஒரு நூற்றாண்டுக்குப் பின் நிறைவெய்திற்று.

இவ்வரிசையில் உள்ளவர்களை எண்ணுக: பட்டம் வழங்கும் உரிமையற்ற பாசல் பயிற்சி நிலையத்தார் ஒருவர், பேராயர் அருளாற் பட்டம் பெற்றவர் ஒருவர், மருத்துவர் ஒருவர், வடமொழியிற் பயிற்சி பெற்ற மொழியியலார் ஒருவர். இறையியல் முதுநிலை என்னும் கல்விநெறியினின்று இவ்வரிசைக்கு வந்தவர் இவர்களுள் எவரும் இலர்.

காலம் மாறி வருவதையும் மறைத்தல் ஆகாது. 1981 இல் பெங்களூரில் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரை, உயர்குடியார் மெய்யியலோடு மட்டும் உறவாடிய இந்தியக் கிறித்தவ இறையியலின் போக்கைக் கேள்விக்கு உள்ளாக்கியது. 1987 இல் சென்னைக் குருகுலத்தில் தலித் இறையியற் றுறை அவர் தலைமையில் ஏற்பட்டது. அதன் பின் வாய்மொழி மரபும் கதையும் பறையும் இறையியலுக்குச் சான்றாகலாம் என்னும் கொள்கை முதுநிலை ஆய்வேடுகளில் இடம்பெறத் தொடங்கியது. பழங்குடியினர் சமயங்களைப் பற்றிய இறையியலும் வடகிழக்கு இந்தியக் கல்லூரிகளில் வளர்ந்து வருகின்றது. ஆயின், அங்கு ஆராய்வோர் பெரும்பாலும் தம் முன்னோரின் சமயத்தைக் கிறித்தவராய் நின்று திரும்பிப் பார்ப்பவர். நீலமலையிலோ பால்மனை வழிபாடு இன்றும் வாழ்வது. வாழும் சமயத்தை ஆராய்வோர்க்கு வேறொரு பொறுப்பு உண்டு.

அப்பொறுப்பினை ரிவர்ஸ் தம் நூலிலேயே மறையாது எழுதி வைத்துள்ளார். அவர்க்கு மொழிபெயர்ப்பாளராக உதவியவருள் ஒருவர் மகளிர் மறைப்பணிக் கழகத்து உபதேசியார். எனவே தோடரின் சடங்குச் செய்திகள் கிறித்தவ உபதேசியார் ஒருவரின் நா வழியே சென்று கேம்பிரிட்ஜை அடைந்தன. இறையியலாரும் சமயவியலாரும் இந்நாட்டில் ஒருவரையொருவர் சார்ந்து நின்றமைக்கு இதுவே போதிய சான்று. பணி நடந்துகொண்டிருந்த திங்கள்களில் செய்தி தந்த தோடருட் சிலர்க்கு நோய் வந்தது. குடும்பத்தில் இறப்பும் நேர்ந்தது. தெய்வமேறிக் குறி சொல்வோரை அணுகியபோது, மறைபொருளை அயலார்க்கு உரைத்தமையால் தெய்வங்கள் வெகுண்டன என்று அவர்கள் கூறினர். அதன்பின் ரிவர்ஸ் வினாக்களுக்கு விடை சுருங்கியது, வாய்கள் மூடிக்கொண்டன. அவர் தாம் பெற்றவற்றை 1906 இல் அச்சிட்டார். தொண்டைக்குள் ஓதப்பெற்ற திருப்பெயர்கள் அந்நூலின் பக்கங்களில் எவரும் உரக்கப் படிக்கும்படி இன்றும் உள்ளன.